கஸ்பாரின் மூன்று ஓலைகள்

ராசிபுரம் கஸ்பார் வலைப்பூவில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிவந்தார். மாதா கோயிலில் ஆட்சேபணை கேட்டு மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பதுபோல, அவரும் மூன்று ஞாயிறு, "தளத்தில் குறை சொன்னால் சொன்னபடி மாற்றுவேன்" என்று அறிவித்தார். கல்யாண ஓலைக்கு யாரும் வாய் திறந்ததில்லை என்ற தைரியம்.

இங்கே நாற்பது பேர் வாய் திறந்தார்கள். அதன்படி முகப்பில் நாமக்கல் பஸ் நேரம் ஏறியது. அதற்கடுத்துக் கருத்துப்பெட்டி, அதில் மரவள்ளி விலை விவாதம். வரலாறு கடைசிப் பக்கத்துக்குப் போனது.

"தளத்த மூடிரட்டுமா?" என்று மனைவி ஜாக்குலினிடம் கேட்டார்.

"வாக்குக் குடுத்துட்டீங்களே! ஊரே இதப் பாத்துத்தானுங்க பஸ் ஏறுது."

"என் வரலாறு?"

"கடைசியிலதான் இருக்குது. யாரும் தொடமாட்டாங்க."

அப்போது ஒரு கருத்து வந்தது: "ஆறே கால் பஸ் நேரம் மாறிருச்சாமுங்க, விசாரிச்சுப் போடுங்க."

வரலாற்றின் நான்காம் அத்தியாயத்தில் அன்றுதான் பிறக்கவிருந்த கஸ்பார், பிறப்பைத் தள்ளிவைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.