ஒன்றரை முதல் இரண்டேகால் வரை

கம்பெனி வேலையை ஏன் விட்டாய் என்று யார் கேட்டாலும் நம் ஆளிடம் பதில் தயாராக இருக்கும். ஆளுக்கு ஒன்று. நண்பர்களிடம், "எனக்கு நான்தாண்டா முதலாளி." பக்கத்து வீட்டுக்காரரிடம், "பஸ்ல தொங்கித் தொங்கித் தோள்பட்டை போச்சு சார்." மனைவியிடம், "உன்னோடயும் குழந்தையோடயும் கொஞ்ச நேரம் இருக்கணும்மா." மாமனாரிடம் மட்டும் கொஞ்சம் கனமாக, "புதுசு புதுசா கத்துக்கலாம் மாமா."

மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வீடு இரண்டு தெரு தள்ளி. தினமும் சரியாக ஒன்றே முக்காலுக்கு வந்து, ரயில் வந்துவிட்ட மாதிரி காலிங் பெல்லை விடாமல் அழுத்துவார். கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறக்கும் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்ப்பார். "வேலை செய்யற ஆம்பளை பட்டப்பகல்ல படுப்பானா மாப்ளே?" என்பார். பிறகு, "காரணம்னா ஒண்ணு இருக்கணும். நாலு இருந்தா நாலும் புளுகு" என்று செருப்பைக் கழற்றுவார். மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் நம் ஆளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி மூன்று வருஷம் ஓடிய பிறகு, ஒரு வியாழக்கிழமை பழைய மேனேஜர் போன் செய்தார். குரலில் தேன். நம் ஆள் அந்தக் காலத்தில் எழுதிவைத்த புரோகிராம் மக்கர் பண்ணுகிறதாம். அதன் தலை எது வால் எது என்று அங்கே ஒருவனுக்கும் பிடிபடவில்லையாம். "திரும்பி வந்துடுங்க. டீம் லீடர் போஸ்ட். நாளைக்குள்ள சொல்லிடுங்க."

மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் காலை ஷிப்ட் பார்ப்பவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "போறதுன்னா போங்க, வேண்டாம்னா விடுங்க. ஆனா வேண்டாம்னா, எதுக்குன்னு உருப்படியா ஒரு காரணம் வேணும். மூணு வருஷமா ஆளுக்கு ஒண்ணா அளந்துட்டிருக்கீங்க. நாளைக்கு டூட்டி முடிஞ்சு நான் வரதுக்குள்ள எழுதி வைங்க. எழுத முடியலைன்னா, மறுபடியும் பஸ் ஏறுங்க."

நம் ஆள் தலையை மட்டும் ஆட்டி வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு வாடிக்கையாளர், ஒரு பல் டாக்டரம்மா. அவருடைய கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் புரோகிராம் எழுதுகிறான். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஏழு வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். "நடுவுல ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று முதல் நாளே கறாராகச் சொன்ன ஆள். அதோடு இன்னொரு கெடுபிடியும் உண்டு. வேலையை ஆரம்பிக்கும்போது ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். தட்டினால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இவன் திரையில் இருப்பதையெல்லாம் படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சொந்த வேலை பார்க்கும்போது பட்டனை அணைத்துவிட வேண்டும். அவன் ஒருநாளும் மறந்ததில்லை.

அன்றைக்கு மறந்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, 'ஏன் விட்டேன்' என்று தலைப்புப் போட்டான். சுதந்திரம் என்று எழுதினான், அழித்தான். குடும்பம் என்று எழுதினான், மனைவியின் முகம் ஞாபகம் வந்தது, அழித்தான். இதற்குள் மாமனார் வேறு, தீர்ப்பு நாள் அல்லவா, முன்கூட்டியே வந்து ஹாலில் பேப்பரை விரித்துவிட்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று உண்மையையே தட்ட ஆரம்பித்தான்.

'எனக்கு மத்தியானம் சாப்பிட்டால் தூக்கம் வரும். முக்கால் மணி நேரம் தூங்கினால் மனுஷன். இல்லாவிட்டால் பிணம். கம்பெனியில் தினமும் டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்குவேன். ஒருநாள் ஃபயர் டிரில் என்று தீ ஒத்திகை நடத்தினார்கள். மணி அடித்து நானூறு பேரும் கீழே இறங்கிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது. மேனேஜர் ஆள் வைத்துக் கதவை உடைத்தார். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அங்கே பேர் டிரில்லு. கேன்டீன் வரைக்கும் டிரில்லு. ஒன்பது வருஷம் நான் எழுதிய புரோகிராம் எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்கு அடுத்த மாசம்தான் ராஜினாமா செய்தேன். இப்போது டாக்டரம்மா மாதிரி கெடுபிடிக்காரியிடமும் காலம் தள்ளுகிறேன் என்றால், ஒன்றரை முதல் இரண்டேகால் வரை யாரும் என் கதவை உடைப்பதில்லை. மாமா பெல் அடிக்கிறார், அவ்வளவுதான்.'

எழுதி முடித்து இரண்டு தடவை படித்தும் பார்த்தான், நெஞ்சு லேசானது. அடுத்த நொடி திரையின் மூலையைப் பார்த்தான், தூக்கிவாரிப் போட்டது. பட்டன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மட்டும் நான்கு படம் போயிருந்தது. கெடுபிடிக்காரி உள்பட.

போன் அடித்தது. டாக்டரம்மா! அவசரமாக எடுக்கப் போய் ஸ்பீக்கர் வேறு அமுங்கிவிட்டது. ஹாலில் பேப்பர் சத்தம் சட்டென்று நின்றது.

"நீங்க அனுப்பினதைப் பார்த்தேன்."

"மேடம், அது வந்து... தெரியாம..."

"முழுசா படிச்சேன். பேஷன்ட் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார், அவரை அப்படியே விட்டுட்டுப் படிச்சேன்."

போச்சு, இருந்த ஒரே வாடிக்கையாளரும் போச்சு என்று நம் ஆள் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "எங்க கிளினிக்ல ஒரு எக்ஸ்ரே ரூம் இருக்கு. வெளியில சிவப்பு லைட் எரிஞ்சா ஒரு ஆளும் கதவைத் திறக்க மாட்டாங்க. பதினாலு வருஷமா மத்தியானம் லைட்டைப் போட்டுட்டு உள்ள சுவத்துல சாஞ்சு நின்னுட்டே தூங்கறேன். பத்து நிமிஷம்தான். கால் கடுக்குதுப்பா."

"மேடம்?"

"அந்த ஒன்றரையிலேர்ந்து ரெண்டேகால் வரைக்கும் மூணு கட்டத்தையும் அடைச்சிடுங்க. யார் கேட்டாலும் கிடைக்கக் கூடாது. நானே கேட்டாலும்." போன் வைக்கப்பட்டது.

மனைவி ஒன்றேகாலுக்கு வந்தாள். பையை இறக்காமலே திரையில் இருந்ததைப் படித்தாள்.

"நீங்க தூங்கறது தெரியும், குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குது. இதுதான் காரணம்னு ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு."

"கதவை உடைச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ம்."

"அந்த மேனேஜரும்?"

"அவர்தான் முதல்ல."

அவள் முகம் சிவந்துவிட்டது. நாசமாப் போறவனுங்க என்று வாய்க்குள் திட்டினாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் தன் பக்கம் நின்று கோபப்பட்டு அவன் பார்த்ததே இல்லை.

மறுபடி போன். மேனேஜருக்கு சாயந்திரம் வரை பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"என்ன டிரில்லு, முடிவு பண்ணியாச்சா?"

நம் ஆள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"வரலை சார்."

"ஏன்? காரணம் வேணுமில்ல?"

"மணி ஒன்றரை ஆச்சு சார். நான் தூங்கணும்."

போனை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுப் படுத்தான். மாமனார் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், மகள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், காலிங் பெல் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.