சிவப்புப் பொட்டுப் பக்கம்

என் சமையலறைச் சன்னலோரம் ஒரு சின்னப் பைப்பு இருக்கிறது. தண்ணீர்ப் பைப்பு இல்லை. காட்டுப் பாதையில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி, ஏடிவி என்பார்களே, அதன் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் இருக்குமே, அது. கட்டைவிரல் அளவுதான். ஒரு பக்கம் திருகினால் பெட்ரோல் இறங்கும், மறுபக்கம் திருகினால் நிற்கும். இறங்கும் பக்கத்தில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு. பக்கத்திலேயே இங்கிலீசில் என்னவோ பொறித்திருக்கிறது, ஆனால் எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். அதனால்தான் என் நாத்தனார் அந்தப் பொட்டை வைத்தாள். "பொட்டுப் பக்கம் திருப்புனா வண்டி முழிச்சுக்கும், இந்தப் பக்கம் திருப்புனா தூங்கும். அவ்வளவுதான்லா அண்ணி, இதுக்குப் பள்ளிக்கூடமா போவணும்?" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை அவள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பினாங்கில் பாயான் பாரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்புக்கால் மாதிரி கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டிய கை. அங்கே ஆள் குறைத்தபோது கொடுத்து அனுப்பிய பணத்தை வைத்து மற்றவர்கள் நகை வாங்கினார்கள், வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். இவள், மூடிப்போன ஓர் உல்லாச விடுதி வேண்டாமென்று போட்டிருந்த ஐந்து ஏடிவிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். நிபோங் திபால் பக்கம் ஒரு சீனத் தவுக்கே, முதலாளி என்று அர்த்தம், அவருடைய எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கொட்டகை போட்டு, வண்டிகளை வாடகைக்கு விட்டாள். இந்த வயதில் ஒரு துணை தேடிக்கொண்டிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "அதான் அஞ்சு நிக்குதே. அஞ்சும் சொன்ன பேச்சு கேக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நானும் அங்கே அவளோடு போய் இருந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்ட வருகிறவர்களுக்குத் தலைக்கவசம் எடுத்துக் கொடுப்பது, சாயங்காலம் சேறு கழுவுவது, நடுவில் சோறு வடிப்பது என் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையில் ஒரு மாதம் தாங்காது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எட்டு வருடம் இருந்தோம். சண்டை போடாமல் இல்லை. ஆயுத பூசைக்கு எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும் என்று நான் இருபது பழம் வாங்கிவந்தபோது, வண்டிக்கு ஒன்று போதும், மிச்சத்தை ஊறுகாய் போடுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை. ஏற்றி நசுக்கிய சாறு வெயிலில் காய்ந்து, கொட்டகை முழுக்க ஒரு வாரம் எறும்பு. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடியை முறுக்கக்கூடாது, வலது கட்டைவிரலால் ஒரு சின்ன விசையை அழுத்தவேண்டும். மேட்டில் ஏறும்போது பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி முன்னால் சாயவேண்டும். நான் முதல் தடவை பயத்தில் பின்னால் சாய்ந்தேன். வண்டி என்னைச் சேற்றில் தள்ளிவிட்டுத் தான் மட்டும் ஒரு செம்பனை மரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவள் ஓடிவந்து முதலில் வண்டியைத்தான் தடவிப் பார்த்தாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் கற்றுக்கொண்டேன். தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மேட்டு உச்சிவரைக்கும் போவோம். வானம் தெளிந்திருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கு மலை நீலமாகத் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு அது ஆறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சத்தம்தான் அவளுக்கு எல்லாம். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது தூரத்தில் ஒரு வண்டி இருமினால், இது பிளக் நனைந்தது, அது காற்று வடிகட்டியில் சேறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். அவளுடைய சொந்த வண்டி பழைய பச்சை வண்டி. கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுக்கிற ஊசி தேய்ந்துபோனதால், பைப்பை மூடாமல் விட்டால் ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டிப் போய்விடும். அதனால் தினமும் சாயங்காலம் பைப்பை மூடவேண்டும். ஒரே ஒரு நாள் நான் மறந்தேன். அதற்கு வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. புற்றுநோய், எலும்புக்குள் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதுகெலும்பு பிஸ்கட் மாதிரி இருக்கிறது, ஒரு குலுக்கல் போதும், அப்புறம் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது என்றார். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். மேட்டுக்கு ஒரு தடவை போகவேண்டும், அவளே ஓட்டவேண்டும். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு காலையில் அவள் தானே சட்டை மாட்டிக்கொண்டு தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இனி நாளைக்கு என்று தள்ள முடியாது.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். பச்சை வண்டியில் முந்தின சாயங்காலம் மூடிய பைப்பைத் திறக்காமலே விட்டேன். உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோலில் வண்டி கிளம்பும், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். எட்டு வருடத்தில் எனக்கும் அவ்வளவு தெரிந்திருந்தது. அவளைத் தூக்கி உட்காரவைத்து, பின்னால் ஏறி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கைக்குள் அடங்கிப்போனாள். பொத்தானை அழுத்தினாள், வண்டி கிளம்பியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை, எஞ்சின் இரண்டு தடவை விக்கி நின்றது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள். அப்புறம் இடது கையை டாங்கிக்கு அடியில் விட்டாள். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. பிறகு வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"வயசாயிருச்சு அண்ணி, அதுக்கும். எறக்கி விடுங்க. மேடு எங்கயும் ஓடிப் போவாது."

நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்து அவளுக்கு ரசம் வைத்தேன். நல்லா இருக்கு அண்ணி என்று இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு மேட்டைப் பற்றி அவள் பேசவே இல்லை. பதினோரு நாளில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் கொட்டகைக் கதவைத் திறந்தேன். பெட்ரோல் வாடை. பச்சை வண்டிக்கு அடியில் மண் கறுத்திருந்தது. டாங்கியில் ஒரு சொட்டு இல்லை. குனிந்து பார்த்தேன். பைப்பு பொட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

நான் அதைத் தொடவே இல்லை. திறக்காததை எதற்கு மூடவேண்டும் என்று அன்றைக்குச் சாயங்காலம் பார்க்கக்கூட இல்லை. அவள் கைதான் திறந்திருக்கிறது. இன்னொரு தடவை பொத்தானை அழுத்தியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும், மேட்டுக்குப் போயிருக்கலாம். திறந்துவிட்டு அவள் அழுத்தவில்லை. அவள் இடுப்பைப் பிடித்திருந்த என் கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா வண்டிக்கும் சீக்குச் சொல்கிறவளை நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்திருக்கிறேன். அந்தக் கறுத்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

வண்டிகளைத் தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். பச்சை வண்டிக்குப் புதுப் பைப்பு போடவேண்டும் என்றார். பழையதைக் கழற்றிக் கொடுங்கள் என்று வாங்கிவைத்துக்கொண்டேன். இப்போது பினாங்கில், ஆயர் ஈத்தாமில் மகளோடு இருக்கிறேன். அந்த மேட்டிலிருந்து நீலமாகத் தெரிந்த மலை இங்கே சன்னலுக்கு வெளியே பச்சையாக நிற்கிறது. இங்கிருந்து அந்த மேடு தெரியாது.

மகள் சன்னலைத் துடைக்கும்போது பைப்பின் பிடி எப்படியோ திரும்பிவிடும். நான் காப்பி கலக்க வரும்போது பார்ப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் அதைப் பொட்டுப் பக்கம் திருப்பி வைப்பேன். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.