கைக்கு வராத கோபம்

தலைவர் முகம் எழுத உட்கார்ந்தால், உத்திராபதி முதலில் தாம் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு தூரிகை வழியாகச் சுவருக்கு இறங்கும். கடலூர் முதுநகரில் எந்தக் கட்சிச் சுவராக இருந்தாலும் சரி, அவர் எழுதிய தலைவர்களுக்கு நரை கிடையாது, தொந்தி கிடையாது, கும்பிட்ட கை இறங்காது. "நெசமா இருக்குற மாதிரி எழுதுனா எவன் ஓட்டு போடுவான்?" என்பார்.

தேர்தல் வாடை அடித்ததும் சுவர் பிடிக்கிறவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். வெள்ளையடித்து, மூலையில் ‘ரிசர்வ்’ என்று எழுதி, கீழே கட்சிப் பெயரைப் போட்டுவிட்டால் அந்தச் சுவரில் வேறு எவனும் கை வைக்க மாட்டான்.

இவரை நம்பித்தான் ரஃபியுதீன் ஒரு கவிதை ஓவியக் கண்காட்சியில் இறங்கினார். சிதம்பரத்தில் வளையல் கடை, மனசெல்லாம் கவிதை. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் மச்சான் முறைதான். சுனாமியில் போன வீட்டுக்குப் புது வீடு தருவதாகச் சொல்லியே ஓட்டு வாங்கும் ஒரு தலைவரைப் பற்றி நறுக்கென்று எழுதியிருந்தார்:

கடல் ஒருமுறைதான் வந்தது;
நீ தேர்தலுக்குத் தேர்தல் வருகிறாய்.

"அந்தாளு அலையோட அலையா வரணும் மச்சான். பல்லு தெரியணும். பாக்குறவனுக்கு வவுறு கலங்கணும்."

"ஜாஸ்தியாவே கலக்கிடுறேன்" என்றார் உத்திராபதி.

பாவம், மனசார முயன்றார். அலை பயங்கரமாகவே வந்தது. முகத்துக்கு வந்ததும் கை பழைய வழியில் போய்விட்டது.

கண்காட்சியன்று காலையில்தான் படம் ஈரம் காயாமல் சிதம்பரம் வந்து சேர்ந்தது. அடி விழும், பேப்பரில் பெயர் வரும் என்று ரஃபியுதீன் பழைய சட்டையில் வந்திருந்தார். கவிதையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கட்சிக்காரர்களும் கோபமாகத்தான் வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள்.

"கடலையே அடக்கிட்டு வர்றாருய்யா நம்ம தலைவரு" என்று ஒருவர் கண் கலங்கினார். மாலை வந்தது. ரோஜா மாலை, நல்ல நீளம். படத்தின் கீழே எழுதியிருந்த கவிதை அதில் மறைந்துபோயிற்று. போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

ரஃபியுதீன் உத்திராபதி பக்கம் திரும்பினார். "என் ஆயுசுக்கு உருப்படியா எழுதுனது இந்த ரெண்டு வரிதான். அதுக்கும் மால போட வச்சிட்டியே மச்சான். இனிமே உங்கூட எந்த வேலயும் கெடையாது."

உத்திராபதிக்குச் சுருக்கென்றது. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பையிலிருந்த வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். துளியும் சிரிக்காமல், தலைவர் இருந்த இடம் முழுக்க வெள்ளையடித்தார். அலையும் கவிதையும் மட்டும் மிஞ்சின. பிறகு மூலையில் ‘ரிசர்வ்’ என்று எழுதி, கீழே நிதானமாக, ‘கவிஞர் ரஃபியுதீன்’ என்று போட்டார்.