மாட்டுத்தாவணி மல்லிகையும் ஸ்நோ மோடும்

எங்கள் குடியிருப்போர் சங்கம் எனக்கு அநியாயம் செய்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘நம்ம மதுரை’ என்று அவர்கள் வைக்கும் புகைப்படக் கண்காட்சியிலிருந்து என் மல்லிகைப் படத்தைத் தள்ளிவிட்டார்கள். கேமராவின் திரையில், படத்தின் மூலையில், ‘ஸ்நோ’ என்று இருந்ததுதான் குற்றமாம். “மதுரையில ஏதுண்ணே பனி? இது வேற ஊர்ல எடுத்தது” என்று செயலாளர் ரெங்கநாதன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள்.

படத்தில் பூக்குவியலுக்குப் பின்னால் நிற்பவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரி பாண்டியம்மா. ஞாயிற்றுக்கிழமை தன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டி வந்து படத்தைக் காட்டப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தார். அவர்கள் வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போக நான் விடமாட்டேன். ஆகவே வியாழக்கிழமை விடியற்காலையில் ரெங்கநாதனையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் பழங்காநத்தத்திலிருந்து மாட்டுத்தாவணி பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். பெரியார் நிலையத்தில் பஸ் மாறினோம். ஆறரைக்குள் மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெயில் கூரை இடுக்கு வழியாக இறங்கி, படத்தைத் திட்டுத்திட்டாகக் கெடுத்துவிடும். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். தரை முழுக்க ஈரமும் தண்டும்தான்.

என்னுடையது சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன கேமரா. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரே இட்லியைத் தட்டில் வைத்து, கேமராவில் இருக்கும் எல்லா மோடிலும் எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஃபுட் மோடில் சாம்பார் மினுங்கியது, இட்லி மஞ்சளடித்தது. ஸன்செட் மோடில் இட்லி செங்கல்லாகிவிட்டது. ஸ்நோ மோடில்தான் இட்லி இட்லியாக இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: எதிரே வெள்ளை நிறைய இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானாகக் குறைத்துக்கொள்கிறது. வெள்ளை சாம்பலாகிவிடுகிறது. ஸ்நோ மோடு அப்படிக் குறைந்த வெளிச்சத்தைக் கூட்டிச் சரிசெய்கிறது. பனிக்காக வைத்தார்கள், மல்லிகைக்கும் அதுவே பொருந்துகிறது.

பாண்டியம்மா எங்களைக் கண்டதும், “வாங்கண்ணே, படத்த மாட்டியாச்சா?” என்றார்.

“மாட்டல. இந்தத் தம்பி, நீ இருக்கிறது மதுரை இல்லன்னு சொல்றாரு.”

ரெங்கநாதன் நெளிந்தார். “அப்படி இல்லக்கா, கேமராவே ஸ்நோன்னு சொல்லுதே.”

“என் மருமகளுந்தான் தெனம் மூஞ்சிக்கு ஸ்நோ பூசுறா. அவ என்ன காஷ்மீரா? மேலூருக்காரி சார் அவ!”

பக்கத்துக் கடைகள் சிரித்தன. இந்த முறை சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்பதைக் கவனித்துக்கொண்டேன். பிறகு அதே குவியலை, அதே இடத்தில் நின்று, முதலில் கேமராவே எல்லாம் தீர்மானிக்கும் ஆட்டோ மோடில் எடுத்துப் பாண்டியம்மாவிடம் நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

“என்னண்ணே இது, நேத்துப் பூ மாதிரி இருக்கு? இம்புட்டுக் கருப்பாவா நான் விக்கிறேன்?”

அடுத்து ஸ்நோவில் எடுத்ததைக் காட்டினேன். திரையையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். “இதான் எம் பூவு” என்றார்.

நியாயமாக அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ரெங்கநாதன் விடவில்லை. “அண்ணே, கமிட்டில ஒரு தடவ வேணாம்னு சொல்லியாச்சு. இப்ப எடுத்த ஆட்டோ படத்தக் குடுங்க. பேச்சில்லாம மாட்டிருவோம். யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?”

எனக்கு முன்னால் பாண்டியம்மா பதில் சொன்னார். “எங்க சம்பந்தியும் பூ யாவாரிதான் சார். அவருக்குத் தெரியும். பழைய பூ விக்கிறவன்னு என்னையச் சுவத்துல மாட்டுறதுக்கு, மாட்டாமலே இருங்க.”

மல்லிகை போதவில்லை என்றால் வேறு வெள்ளையையும் ரெங்கநாதனுக்குக் காட்டிவிடலாம் என்று, அவரிடம் விடைபெற்றுக்கொண்டு ஆரப்பாளையம் போய், பரவைக்கு பஸ் பிடித்தோம். திண்டுக்கல் ரோட்டில் அரை மணிப் பயணம். காலையில் நெரிசல் இருந்தால் கூடும். பரவை மார்க்கெட்டில் முள்ளங்கிக் கட்டுகளைப் படமெடுத்துவிட்டு, வெளியே வயல் பக்கம் நடந்தோம். உழுத சேற்றில் கொக்குகள் நெருக்கமாக நின்றன. ரெங்கநாதன் கேமராவைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு படம் ஆட்டோவில் எடுத்தார். திரையைப் பார்த்தார். கொக்குகள் சேற்றில் புரண்டு எழுந்தவை போல இருந்தன. என்னைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார். பட்டனை அமுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது படத்தில் கொக்குகள் வெளேரென்று வந்தன. மூலையில் ஸ்நோ.

“அண்ணே, இத எனக்கு அனுப்பி வைங்க. கண்காட்சிக்கு நல்லாருக்கும்.”

“எது, இந்தக் காஷ்மீர் கொக்கா?”

பஸ் ஏறித் திரும்பிவிட்டோம். கொக்குப் படத்தை நான் இன்னும் அனுப்பவில்லை.

இனி நடக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் போக நினைப்பவர்கள் மதுரை பக்கம் ஸ்நோ மோடுக்கு வேலையில்லை என்று ஒதுக்க வேண்டாம். மல்லிகை, கொக்கு, வேட்டிக்கடை எல்லாவற்றுக்கும் அதை வையுங்கள். முகம் பெரிதாக வரும் படங்களுக்கு வைக்காதீர்கள், வெளிறிவிடும். கேமரா தயாரிப்பவர்கள் அந்த மோடுக்கு ‘வெள்ளை’ என்று பெயர் மாற்ற வேண்டும். கமிட்டி உறுப்பினர்கள் ஆளுக்கொரு இட்லியையாவது படமெடுத்துப் பார்த்துவிட்டு மற்றவர் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். ரெங்கநாதன் கூட்டத்தில் எப்படிச் சொன்னாரோ அதே போல எல்லார் முன்னாலும், அந்தப் படம் மதுரையில் எடுத்ததுதான் என்று சொல்ல வேண்டும். ஞாயிறு காலை கதவு திறக்கும்முன் மல்லிகைப் படம் சுவரில் இருக்க வேண்டும். மாட்டிய உடனே கொக்குப் படம் அவருக்கு வந்து சேரும். அது என் பொறுப்பு.

பாண்டியம்மா சம்பந்தி வீட்டாரோடு வந்தால் போதும். சுவரில் படம் இல்லாவிட்டால், கதவுக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.