தவம் வீட்டில் உலை வைத்த அன்று

சனிக்கிழமை ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு பெண்மணி என்னை மறித்தார். தெரிந்த முகம். சுகம் விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நீங்கள் பேப்பரிலை எழுதுற ஆள். நீங்களும் நிண்டு வெங்காயம் வெட்டினீங்களாமே?”

வெட்டினேன். இதோ, எல்லோருக்கும் தெரியும்படி எழுதியும் விடுகிறேன். இன்னொரு முறை நடந்தாலும் வெட்டுவேன்.

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். தவத்தைத் தெரியாதவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

தவராசா – எங்களுக்குத் தவம் – மோர்டென்ஸ்ருட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர். இளந்தாரியாக நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் விறைத்து விறைத்து வேலை செய்தவர். பிறகு ஒஸ்லோவில் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல். வார இறுதிகளில் இன்னொரு வேலை. ஏன் இவ்வளவு தள்ளி வீடு வாங்கினீர் என்று ஒருமுறை கேட்டேன். மெட்ரோவின் கடைசித் தரிப்பிடம் இதுதான், நித்திரையாகிப் போனாலும் வீட்டடியில் எழுப்பி விடுவார்கள் என்றார்.

மனைவி வதனி நேர்சரி ஆசிரியையாவதற்குப் படித்த காலத்தில், காலையில் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது தவம்தான். சில ஆண்கள் நக்கலடித்தார்கள். மனிதர் அசையவில்லை. கொஞ்ச நாளில் இரட்டைப் பின்னலும் பழகிவிட்டார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாரும் கொடுக்காத வேலை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது நம் வழக்கம். அக்கம் பக்கம்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டில் துக்கம் என்றாலும் போன் தவத்துக்குத்தான் போகும். யார் சோறு, யார் பருப்பு, யார் தேநீர் என்று பிரித்துக் கொடுப்பார். மிச்சத்தைத் தானே சமைத்து எடுத்துக்கொண்டு போய் நிற்பார்.

மூன்று வாரங்களுக்கு முன் அந்த மனிதர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலையே தவத்தின் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை. வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், வயதானவர்கள், பிள்ளைகுட்டிகள்... எல்லோர் கையிலும் போன். பேஸ்புக்கில் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ ஓடிக்கொண்டிருக்கிறது. சரி. சாப்பாடு எங்கே?

ஒருவரும் கொண்டுவரவில்லை. வேறு யாரோ கொண்டுவருவார்கள் என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறோம். இத்தனை காலமும் எங்களைப் போனில் பிடித்து வேலை சொன்னவர் ஒருவர்தானே? அவர் இல்லையென்றால் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு குழந்தை பசியில் அழத் தொடங்கியது. பீட்சா எடுப்பிப்போமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் ஆரணி எழுந்தாள். தவத்தின் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், மருந்தகத்தில் வேலை. அழுது வீங்கிய முகத்தோடு கிச்சினுக்குள் போய், தகப்பனின் பெரிய பானையை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள்.

பானைச் சத்தம் ஹோலுக்குக் கேட்டது. தவத்தின் தமக்கை, லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்திருந்த மாமி, கிச்சின் வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, செத்த வீட்டிலை உலை வைக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?”

“அப்பாவின்ரை வீட்டுக்கு வந்த ஒருத்தரும் பசியோடை திரும்பினதில்லை, மாமி. இண்டைக்கு மட்டும் திரும்புவினமோ?”

மாமி விடவில்லை. அடுப்பு மூட்டினால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்றார். ஆரணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். வதனி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“முன் அடுப்பிலை வை, பிள்ளை. அவர் அங்கைதான் வைக்கிறவர்.”

அதற்குப் பிறகு யார் தடுப்பது? நான் கத்தியை எடுத்தேன். மின்சார அடுப்பில் தீ எங்கே, மூட்டுவது எங்கே என்று சட்டம் பேசித் தப்பிக்கலாம். பேசமாட்டேன். வழக்கத்தை மீறினோம். தெரிந்துதான் மீறினோம்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. கடதாசித் தட்டுகளில் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார்கள். அன்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவர்களும் மறுநாள் குறை சொன்னவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்தான்... பெயர் வேண்டாம். மாமி மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. சாப்பிடாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இந்த விசாரணை. வழக்கம் கெட்டுப்போய்விட்டதாம். நான் கேட்கிறேன் – அந்த வழக்கம் எதற்காக வந்தது? அழுகிறவர்கள் அடுப்படியில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தானே? அப்படியானால் கெடுத்தது யார்? ஆரணியா, கையை வீசிக்கொண்டு போன நாங்களா? அந்தப் பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிறவர்கள் அன்று ஒரு சட்டி சோற்றோடு வந்திருக்கலாமே!

தவத்துக்கு நினைவுக் கூட்டம் வைக்கப்போகிறார்கள். என்னையும் பேசக் கேட்டார்கள். ‘சமூகத் தொண்டர்’, ‘பண்பின் சிகரம்’ என்றெல்லாம் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். அதில் ஒன்றையும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாடாய் உழைத்தார். பெண்சாதி பிள்ளையில் உயிராக இருந்தார். பசியோடு யாரையும் அனுப்பவில்லை. இதற்கு மேல் ஒரு மனிதரிடம் வேறென்ன வேண்டும்? எனக்கு அவரைத் தேடுகிறது. அவ்வளவுதான் பேசுவேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நேற்று முன்தினம் லில்லெஸ்ட்ரோமில் ஒரு துக்கம். மாமிக்குப் பக்கத்து வீடு. மாமி ஆரணிக்குப் போன் எடுத்தாராம்.

“உங்களுக்கு இன்னும் செத்த வீட்டுத் துடக்குக் கழியேல்லை, மற்ற வீட்டுக்குச் சமைச்சுக் குடுக்கக்கூடாது எண்டு தெரியும், பிள்ளை. ஆனால் இஞ்சை சனம் வந்திட்டுது... ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை.”

ஆரணி பழசு எதையும் கிளறவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

“எத்தினை பேர், மாமி?”