ஃப்ரிட்ஜில் மாட்டிய சிவப்பு அட்டை

லிஃப்ட் பழுது பார்க்கிற அந்த மனிதருக்குப் போகிற இடமெல்லாம் ஒரே பெயர்தான்: அரை இஞ்ச். லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே நின்றால் மற்றவர்கள், "யாருப்பா பாக்கப்போறா?" என்று பையைக் கட்டிவிடுவார்கள். இவர் கட்டமாட்டார். கன்னம் தரையில் படப் படுத்து, இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அரை இஞ்ச் ஒசந்து நிக்குது" என்று மறுபடியும் மேலே ஏறுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. முதலில் கோபம் வந்தது. இப்போது போனை எடுத்தாலே "அரை இஞ்ச் பேசுறேன்" என்கிறார்.

அவர் வீட்டுப் பூனையின் பெயர் வெயிட்டு. லிஃப்ட் கயிற்றின் மறுமுனையில் கனத்த இரும்புப் பாளம் ஒன்று தொங்கும். லிஃப்ட் ஏறினால் அது இறங்கும். கவுன்டர்வெயிட் என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் குழியில், அந்தப் பாளத்துக்கு நேர் கீழே சுருண்டு தூங்கிய குட்டியை இவர் சட்டைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். பின்னாளில் அது தின்ற தீனிக்குப் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. அது ஏறி உட்கார்ந்தால் நாற்காலி முனகும்.

அந்தப் பூனை திடீரென்று இளைக்க ஆரம்பித்தது. வைத்ததையெல்லாம் தின்றது, கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, மணல் தட்டை ஓயாமல் நனைத்தது. ஆனாலும் தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் என்றார்.

"பூனைக்கா?" என்றார் அரை இஞ்ச்.

"பூனைக்குத்தான் சார். இன்சுலின் ஊசி காலைல ரெண்டு யூனிட், சாயங்காலம் ரெண்டு யூனிட். நடுவுல பன்னிரண்டு மணி நேரம் இருக்கணும். சாப்பிட்டாதான் ஊசி. இன்னொண்ணு, இதை நல்லாக் கேட்டுக்கோங்க. போட்டமா போடலையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா சமாளிச்சுக்கலாம். ரெண்டு தடவை போட்டுட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். அது உசுருக்கே ஆபத்து."

இங்கேதான் சிக்கல். பேருந்து நிலைய டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் மனைவி காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் மகள் ஏழரைக்கு மேல்தான் வீடு வருவாள். வெயிட்டு சீக்கிரம் சாப்பிட்டால் அம்மா ஊசி போடுவார். அது பிகு பண்ணினால் மகள் வந்து போடுவாள். அரை இஞ்ச் போடமாட்டார். பத்து மாடி ஆழக் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்கிறவருக்கு, ஊசி முனையைக் கண்டால் கண் இருட்டும்.

அதற்குப் பதில் அவர் ஒரு வழி கொண்டுவந்தார். லிஃப்ட் வேலையில் மெயின் சுவிட்சை அணைத்ததும் அதன்மேல் ஒரு சிவப்பு அட்டை மாட்டுவார்கள். 'வேலை நடக்கிறது. தொடாதே.' யார் மாட்டினாரோ அவர்தான் கழற்ற வேண்டும். இளவயதில் இவர் லிஃப்ட் கூரைமேல் நின்றிருந்தபோது, அடுத்தவன் ஒருவன் அட்டையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டான். குனிந்து படுத்ததால் தலை தப்பியது. அன்றிலிருந்து அந்த அட்டை அவருக்கு வேதவாக்கு.

அதில் ஒன்றைக் கொண்டுவந்து, ஊசி மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் தொங்கவிட்டார். ஊசி போட்டவர் மாட்ட வேண்டும். அடுத்த வேளை நெருங்கும்போது மாட்டியவரே கழற்ற வேண்டும். அவர் வேலையில் இருந்தால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர் தொடலாம்.

"நம்ம வீடா, லிஃப்ட் கம்பெனியா?" என்றார் மனைவி. ஆனாலும் எட்டு மாதம் அந்த அட்டை ஒருமுறைகூடத் தவறவில்லை. வெயிட்டின் முதுகில் சதை பிடித்தது. நாற்காலி மறுபடி முனகத் தொடங்கியது.

அன்று காலை வெயிட்டு சீக்கிரமே சாப்பிட்டது. ஆறே முக்காலுக்கு மனைவி ஊசியைப் போட்டு, அட்டையை மாட்டிவிட்டுக் கிளம்பினார். அரை இஞ்சுக்கு ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் பிரேக் சரிசெய்யும் வேலை. கருவிப் பையைச் சரிபார்த்தபோது அதிலிருந்த அட்டையின் துளை கிழிந்து கிடந்தது. அட்டை இல்லாமல் அவர் சுவிட்ச் பக்கமே போகமாட்டார். சுற்றிப் பார்த்தார். ஃப்ரிட்ஜில் ஒன்று தொங்கியது. 'ஊசிதான் போட்டாச்சே, எல்லாருக்கும் தெரியுமே' என்று நினைத்தார். எல்லாரும் என்றால் அந்த நேரத்தில் வீட்டில் அவரும் பூனையும்தான். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மணிக்கு மொட்டைமாடி மோட்டார் அறையில் அவர் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அந்தச் சிவப்பு அட்டையை எங்க வச்சீங்க? இப்பதான் வெயிட்டுக்கு ஊசி போட்டேன். மாட்டலாம்னு தேடுறேன், காணோம்."

அரை இஞ்சின் கண்ணுக்கு நேரே, மெயின் சுவிட்சில், அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் வெயிட்டு கடித்த பல் தடம்.

"அம்மா... அம்மா போட்டுட்டுத்தான்மா போனாங்க."

"என்னது? அட்டை இல்லையேப்பா!"

"அட்டை இங்க இருக்கு."

"அங்கன்னா? யாரு எடுத்தது?"

"நான்தான்." ஸ்பேனரைக் கீழே போட்டார். "முதல்ல டாக்டரைக் கூப்பிடு. நான் வந்துட்டே இருக்கேன்."

பாதி வேலையில் விட்டுப் போவதால் சுவிட்சிலிருந்து அட்டையைக் கழற்றவில்லை. அறையைப் பூட்டிவிட்டு எட்டு மாடியையும் படியில் இறங்கினார். லிஃப்டை நிறுத்தியதே அவர்தானே. ஆறாவது மாடியில் இரண்டு கை நிறையப் பையுடன் ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, லிஃப்ட் ஆச்சா?"

"பூனைக்குச் சர்க்கரை இறங்குதும்மா!"

"அது இறங்கட்டும். லிஃப்ட் எப்ப இறங்கும்?"

அதற்குள் அவர் நாலாவது மாடியில் இருந்தார்.

வீட்டில் மகள் சமையலறைத் தரையில் வெயிட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் பெட்டி தூக்கிய உடம்பு. கண் சிவந்திருந்தது. டாக்டரம்மா சொன்னதை அட்டைப்பெட்டி மூடியில் எழுதி வைத்திருந்தாள். சாப்பாடு வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை காதில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். தள்ளாடினாலோ எண் மிகவும் இறங்கினாலோ ஈறில் தேன் தடவிவிட்டு உடனே கூப்பிட வேண்டும். இனி மாலைவரை அந்தப் பூனையின் உயிர் அந்தச் சின்ன மீட்டரின் எண்ணில் இருந்தது.

"ஒரு தடவை நான் பாத்துட்டேன். இருநூத்தி முப்பது. இப்ப என் கை நிக்க மாட்டேங்குதுப்பா. நீங்க குத்துங்க."

"நானா?"

"அட்டையை எடுத்தது யாரு?"

அரை இஞ்ச் மண்டியிட்டு உட்கார்ந்தார். காதைத் தேய்த்துச் சூடாக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்துக் குத்துங்கப்பா!"

குத்தினார். ரத்தம் வந்தது. பட்டையில் தொட்டு மீட்டரைப் பார்த்தார். "நூத்தி நாலு! அதுக்குள்ள இறங்கிடுச்சே!"

மகள் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலில் சிவப்பாக ஒரு பொட்டு. "அது உங்க சர்க்கரை. நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க."

அந்தப் பதற்றத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அவர் கை கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. இரண்டாவது முறை கண்ணைத் திறந்துகொண்டு, காதின் ஓரத்தை இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக் குத்தினார். கடுகளவு ரத்தம். நூற்றெண்பத்தெட்டு.

பதினோரு மணிக்கு நூற்றிருபத்தொன்று. பன்னிரண்டுக்கு எண்பத்து மூன்று. ஒவ்வொரு எண்ணையும் நேரம் போட்டு எழுதினார். லிஃப்ட் இறங்குவதை அவர் ஆயிரம் முறை பார்த்தவர். எந்த மாடியில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இது எங்கே நிற்கும் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு வெயிட்டு எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடந்தது. பாதி வழியில் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. தலை ஆடியது. அறுபத்திரண்டு.

மகள் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அதற்குள் அரை இஞ்ச் விரலில் தேனை எடுத்திருந்தார்.

"உதட்டைத் தூக்கி ஈறுல தடவுங்க சார். வாய்க்குள்ள ஊத்திடாதீங்க, புரையேறும். பத்து நிமிஷத்துல திரும்பப் பாருங்க. ஏறலைன்னா அப்படியே தூக்கிட்டு ஓடி வாங்க."

தடவினார். "டேய் வெயிட்டு, இது நீ பண்ண தப்பு இல்லடா. என் மேல கோவம்னா எந்திரிச்சுக் கடி. நல்லாக் கடி" என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தார் என்று எழுதவில்லை. அதை மட்டும்தான் எழுதவில்லை.

எழுபத்தொன்பது. இன்னும் கொஞ்சம் தேன். அப்போது வெயிட்டு வாயை மூடியது, அவர் விரலோடு சேர்த்து.

"ஐயோ! கடிச்சிடுச்சும்மா!" என்று கத்தினார் அரை இஞ்ச். அவர் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தி மகள் கேட்டதில்லை.

பிறகு அது வேகவைத்த கோழியை ஒரு பிடி தின்றது. தொண்ணூற்றேழு. நான்கு மணிக்கு நூற்று நாற்பது. "இன்னைக்கு ராத்திரிவரைக்கும் அப்பப்ப குத்திப் பாத்துக்கோங்க. சாயங்கால ஊசி வேண்டாம். காலைல எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

மனைவி வேலை முடிந்து வந்தபோது, அப்பா, மகள், பூனை மூவரும் சமையலறைத் தரையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் முதலில் வெயிட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார். அப்புறம்தான் விசாரணை.

"அட்டையை மாட்டினது யாரு?"

"நீ."

"கழட்டினது?"

"நான்."

"உங்க வேலையில இதுக்கு என்ன தண்டனை?"

"மூணு நாள் வேலையில்லாம வீட்டுல உக்கார வைப்பாங்க."

"அது தண்டனையா? எனக்குல்ல தண்டனை." யோசித்தார். "இனிமே காதுல குத்துறது உங்க பொறுப்பு. சாயங்கால ஊசியும் நீங்கதான்."

அரை இஞ்ச் தலையாட்டினார். எழுந்து போய்க் கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்றை எடுத்து வந்தார். புது அட்டை வாங்கியதும் அதை ஃப்ரிட்ஜ் கைப்பிடியோடு சேர்த்துப் பிணைப்பதாகத் திட்டம்.

"அட்டையை ஏங்க கட்டுறீங்க? உங்க கையைக் கட்டுங்க" என்றார் மனைவி.

மறுநாள் டாக்டரம்மா வெயிட்டைத் தடவிப் பார்த்து, ரத்தத்தை மீட்டரில் போட்டுப் பார்த்து, சாயங்காலத்திலிருந்து பழைய அளவையே தொடரலாம் என்றார். அரை இஞ்சின் எண் பட்டியலை மட்டும் இரண்டு முறை படித்தார். "இதுல ஒரு இடத்துல 'நூத்தி நாலு, என்னுது'ன்னு எழுதியிருக்கே?"

"சரியா இருக்கணும்ல டாக்டர்" என்றார் இவர்.

அங்கிருந்து நேரே எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். சிவப்பு அட்டை சுவிட்சில் அப்படியே தொங்கியது. பிரேக்கைச் சரிசெய்து முடித்ததும், தான் மாட்டியதைத் தானே கழற்றினார். ஆறாவது மாடிக்கு லிஃப்டைக் கொண்டுவந்து, கன்னம் தரையில் படப் படுத்து இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் அந்த அம்மாவின் செருப்பு வந்து நின்றது.

"எவ்வளவுண்ணே?"

"காலைல நூத்தி எழுபத்தஞ்சு. நல்லா சாப்பிட்டான்."

"நான் லிஃப்டைக் கேட்டேன்."

"அதுவா?" டார்ச்சை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "அரை இஞ்ச் ஒசந்து நிக்குதும்மா. இருங்க, இன்னொரு தடவை மேல போயிட்டு வந்துடுறேன்."