காலி வண்டியில் முதல் பிரேக்

எங்கள் சரிவின் பிள்ளைகளைப் தன் வேனில் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவள் உம் திரார். ஸல்த் நகரில் இறக்கமில்லாத தெரு இல்லை. வேனின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடு மாற்றுவதும் அவளேதான். தினமும் காலையில் காலி வண்டியைத் தெரு முனைவரை இறக்கி, பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றுவாள். என் மகள் லுஜைனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். முதலில் ஏறுபவள் லுஜைன்.

ஒலிவ் அறுவடை முடிந்து மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டிருந்த சமயம். உம் திரார் புதுப் பேடு போட்டிருந்தாள். பேடின் முதுகிலும் ஓரத்துக் காதுகளிலும் தடவும் பிரேக் கிரீஸ் தீர்ந்துவிட்டது. தலைநகர் அம்மானிலிருந்து வர வேண்டும். அதுவரை இடது முன்சக்கரம் கிறீச்சிட்டது.

"என்ன உம் திரார், வேனுக்கடியில ஆட்டைக் கட்டியிருக்கியா?" என்றார் எதிர்வீட்டு அபூ ராயித்.

"கத்தட்டும். கத்தினாலும் நிக்குதுல்ல?"

"எங்க வீட்ல கிரீஸ் டப்பா இருக்கு. தரட்டுமா?"

"அது கதவுக் கீலுக்கு. இதுல போட்டா ரப்பர் உறை உப்பி, உள்ள நகர்ற கம்பி இறுகிடும்."

அபூ ராயித் நல்ல மனிதர். காதுவலி, மூட்டுவலி, முனகும் கதவு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து, சொந்த மரத்து ஒலிவ் எண்ணெய். அன்று மாலை அவளிடம் சொல்லாமல், கிறீச்சிட்ட சக்கரத்தின் இடைவெளி வழியே அதை ஊற்றிவிட்டார்.

மறுநாள் காலை வேன் சத்தமில்லாமல் இறங்கியது. முனையில் பின்விளக்கு சிவந்தது. வேன் நிற்கவில்லை. வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், சுவரோரம் குவித்திருந்த ஒலிவ்க் கிளைகளுக்குள் புகுந்து நின்றது.

உம் திரார் இறங்கி, சக்கரத்துக்குள் விரலை விட்டு முகர்ந்தாள்.

"யார் வீட்டு எண்ணெய் இது?"

"நம்ம வீட்டுதான்! இந்த வருஷத்துப் புதுசு!" அபூ ராயித் ஜன்னலில் சிரித்தார். "சத்தம் போயிடுச்சு பார்த்தியா?"

"கூடவே பிரேக்கும் போயிடுச்சு."

அவர் முகம் வெளுத்தது. நான் லுஜைனை இறுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். காலி வண்டி. காலி வண்டி. வேறெதுவும் தோன்றவில்லை.

உம் திரார் திட்டவில்லை. "செருப்பை மாட்டிட்டு வாங்க. இன்னைக்கு வேன் நீங்கதான்."

கழுத்திலும் தோளிலும் பிள்ளைகளின் பள்ளிப் பைகளோடு அபூ ராயித் மேடேறினார். பின்னால் பிள்ளைகள் கிறீச், கிறீச் என்று கத்திக்கொண்டே போனார்கள்.

மதியம் கிரீஸ் வந்தது. எண்ணெய் குடித்த பேடு தேறாது என்று இரண்டு முன்சக்கரங்களுக்கும் புதியவை எடுத்தாள். பேடு உரசும் இரும்புத் தட்டை, பிரேக் கிளீனரால் கழுவித் துடைத்தாள். டப்பாவைப் பிடித்திருந்த அபூ ராயித் விரல் நிறைய அள்ளினார்.

"ஸஅத்தர் பொடியும் எண்ணெயும் தடவின ரொட்டியா சுடுறோம்? துளி போதும்."

நகரும் கம்பிக்கு, பேடின் முதுகுக்கு, காதுக்கு மெலிதாய் ஒரு பூச்சு. தட்டில் உரசும் முகத்தின் பக்கம் அவர் கை போனதும் தட்டிவிட்டாள். "இங்க ஒண்ணும் படக்கூடாது."

மறுநாள் காலி வேன் இறங்கி, முனையில் சத்தமின்றி நின்றது. மேலே வந்து, இன்னொரு முறை இறங்கி நின்றது. பிறகுதான் கதவு திறந்தது.

லுஜைனை ஏற்றிவிட்டு, எங்கள் மரத்து முதல் எண்ணெய் டின்னை உம் திராரிடம் நீட்டினேன். "உன் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது, உம் திரார்."

டின்னைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன். வேன்ல மட்டும் வெச்சிடாத."